யார் வாசலுக்கு யார் போவது

17

சௌந்திரத்தை நாம் விட்டு வந்தபோது அவள் பாதிப் பின்னலோடு நின்றுகொண்டிருந்தாள். புதன்கிழமை திருச்செங்கோட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்ற சேதியைக் கேட்டதும், கையிலிருந்த சீப்பை எங்கே வைத்தோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. சீப்பு கிடைத்துவிட்டது. பின்னலும் முடிந்துவிட்டது. இதோ புதன்கிழமையும் விடிந்துவிட்டது.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில், ஊரை விட்டுத் தள்ளி, சொந்த வெங்காயக் காட்டுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. அதில் இரண்டே பேர். அப்பா வெள்ளியங்கிரி, மகள் சௌந்திரம். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சௌந்திரத்துக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. அவளோடு எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்களுடைய பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

பெண்ணுக்கு என்ன குறை என்று கேட்டால் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வந்த மாப்பிள்ளைகளுக்குத்தான். வெள்ளியங்கிரி அப்படித்தான் சொல்வார். ஒருத்தன் கிணற்றில் தண்ணீர் பத்தாது. ஒருத்தன் வீட்டில் பங்காளிச் சண்டை. இன்னொருத்தன் சாப்பிடும்போது இலையை விட்டுத் தலையே நிமிரவில்லையாம். பொறுத்தால் இதைவிட நல்ல இடம் வரும் என்று ஒவ்வொருவரையும் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அவர்களும் விடாமல் வந்தார்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்து வழக்கம் அது. மாப்பிள்ளை வீட்டார்தான் நடையாக நடந்து கேட்க வேண்டும். பரிசப் பணமும் சேலையும் தட்டில் வைத்துப் பெண்ணைக் கேட்க வேண்டும். பெண் வீட்டுக்காரன் ஒருத்தர் வாசலுக்கும் போகமாட்டான்.

வெங்காயத்திலும் மனுஷருக்கு இதே கதைதான். சின்ன வெங்காயத்தைப் பிடுங்கிக் காயவைத்து, கல்லின்மேல் மூங்கில் பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, மேலே ஓலை வேய்ந்து பட்டறை போட்டுவிடுவார். அடியில் காற்று ஓடும். வெங்காயம் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஊரில் மற்றவர்கள் அவசரப்பட்டு விற்றுவிட்டுக் கையைப் பிசைவார்கள். இவர் வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். ஐப்பசி மழை ஓய்ந்ததும் வியாபாரிகள் லாரியோடு இவர் வாசலில் வந்து நிற்பார்கள். இருபது வருஷமாக ஒரு மூட்டையைக்கூட அவர் சந்தைக்குத் தூக்கிப் போனதில்லை. அவர் பட்டறையைப் பிரித்தால்தான் அக்கம்பக்கத்தில் எல்லாரும் பிரிப்பார்கள்.

“எப்படிங்க இத்தனை கரெக்டாக் கண்டுபுடிக்கறீங்க?” என்று ஊர்க்காரர்கள் கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார்.

“வெலையப் பாக்காதீங்கடா, காலைப் பாருங்க. யேவாரி காலு நம்ம வாசலுக்கு வந்துச்சுன்னா ஏறிக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். நம்ம காலு அவன் மண்டிக்குப் போச்சுன்னா எறங்கிப்போச்சுன்னு அர்த்தம். இதுக்குப் படிப்பா வேணும்?”

சௌந்திரம் இதை ஆயிரம் தடவை உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். ஆனால் அவளிடம் அவர் நேராக இப்படி ஒரு விஷயம் பேசியதே கிடையாது. வீட்டுக்குள் வந்துவிட்டால் மனுஷருக்கு மூன்று வார்த்தைதான் தெரியும். சோறு, தண்ணி, கதவு. சோறு போடு, தண்ணி கொண்டா, கதவைச் சாத்து. அதற்கு மேல் பேச வேண்டுமானால் ரேடியோதான். அறிவிப்பாளர் வணக்கம் சொன்னால் இவளும் அடுப்படியிலிருந்து வணக்கம் சொல்லுவாள். சிரிக்காதீர்கள். நாள் முழுக்க ஒரு குரல் கேட்காத வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

அன்று காலை வாசலைச் சாணி போட்டு மெழுகியாகிவிட்டது. காப்பிக்கொட்டை வறுத்து அரைத்தாகிவிட்டது. கச்சாயப் பலகாரம் சுட்டு அடுக்கியாகிவிட்டது. காட்டு வேலைக்கு வரும் பொன்னாயி இன்று வீட்டு வேலைக்கு நின்றாள். சௌந்திரம் அம்மாவின் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்தாள்.

வெள்ளியங்கிரி வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வண்டித் தடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று காட்டிக்கொண்டால் பெண் வீட்டுக்கு மரியாதை இல்லை பாருங்கள். ஆனால் தூரத்தில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவருடைய காது மட்டும் திரும்பியது.

அவர் இரண்டு பேரை எதிர்பார்த்திருந்தார். ஒன்று மாப்பிள்ளை வீட்டார். இன்னொன்று வெங்காய வியாபாரி. கார்த்திகை பிறந்து பாதி ஓடிவிட்டது, இந்த வருஷம் ஒரு லாரியும் வாசலுக்கு வரவில்லை.

“அம்மிணி, பொழுது உச்சிக்கு வருதுங்களே. இன்னும் காணமே?” என்றாள் பொன்னாயி.

“வருவாங்க பொன்னாயி. தூரத்துல இருந்து வரோணுமில்ல.”

“காருல வர்றவங்களுக்குத் தூரமென்னுங்க தூரம்?”

வருகிறவன் எப்படியிருப்பான் என்றுகூடச் சௌந்திரம் நினைக்கவில்லை. போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார்கள், பையன் பேர் ராசு, வருஷத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுவான். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த வீட்டில் மாமியார், கொழுந்தன், குழந்தைகள் என்று ஆட்கள் நிறைய இருப்பார்களாம். அது போதும் அவளுக்கு. சத்தம் போட்டுச் சண்டையே பிடித்தாலும் சரி, ஆள் இருக்கிற வீடு வேண்டும்.

கடைசியில் ஒரு வண்டி வந்தது. காரும் இல்லை, லாரியும் இல்லை. மருதாசலத்தின் டிவிஎஸ் மொபெட்.

மருதாசலம் தரகர். வெங்காயத்துக்கும் அவர்தான் தரகு, கல்யாணத்துக்கும் அவர்தான் தரகு. வெள்ளியங்கிரிக்குத் தம்பி முறை. வண்டியை நிறுத்திவிட்டு அவர் துண்டால் கழுத்தைத் துடைத்த விதத்திலேயே சேதி சரியில்லை என்று தெரிந்தது.

“எங்க, அவங்க பின்னாடி வாராங்களா?” என்றார் வெள்ளியங்கிரி, முகத்தைத் திருப்பாமலே.

“வரலீங்கண்ணா.”

“கார் ரிப்பேரா?”

“கார் நல்லாத்தானுங்க இருக்குது.” மருதாசலம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “அவங்க சொல்றது என்னன்னா, பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து மொதல்ல எங்க ஊட்டைப் பாத்துட்டுப் போகட்டும், என்ன செய்யறாங்க ஏது செய்யறாங்கன்னு பேசிக்கலாம், அப்பறமா நாங்க வந்து பொண்ணைப் பாக்கறோம்ங்கறாங்க.”

“என்ன செய்யறதுன்னா?”

“அதானுங்க. நகை, நட்டு. மாப்பிள்ளைக்கு ஒரு புல்லட்டு. இன்னும் ஏதாச்சும்.”

வெள்ளியங்கிரி எழுந்தார். அவர் குரல் உள் அறை வரைக்கும் மட்டுமில்லை, கிணற்றடி வரைக்கும் கேட்டது.

“நான் போயி அவன் வாசல்ல நிக்கறதா? என்ற பொண்ணை வெச்சுக்கிட்டு நான் போயிக் கேக்கறதா? எங்கப்பன் காலத்துல, என்ற காலத்துல எவனாச்சும் கேட்டதுண்டா? இவ அம்மாவைக் கேட்டு நான் எத்தனை நடை நடந்தேன்னு ஊருக்கே தெரியும்!”

“அது எழுபதுக்கு முந்திங்கண்ணா. இது எம்பத்து மூணு.”

“இருந்தா என்ன?”

“கத்தாதீங்கண்ணா, உள்ள புள்ளை இருக்குது. சேதி சொல்றவன்கிட்டக் கத்தி என்ன ஆகப்போவுது? ஊரு ஒலகத்துல இன்னைக்கு அப்படித்தான் நடக்குது. பரிசம் குடுத்துப் பொண்ணு கேட்ட காலம் போச்சுங்க. வெங்காயத்தையே எடுத்துக்கங்க, ஒரு யேவாரியாவது வந்தானா? வடக்கே இருந்து பெரிய வெங்காயம் லாரி லாரியா வந்து எறங்குது. ஓட்டல்காரன் உரிக்கறதுக்குச் சுலுவுன்னு அதைத்தான் வாங்கறான். இனி நாமதானுங்க மூட்டையைத் தூக்கிக்கிட்டு மண்டிக்குப் போவோணும்.”

வெள்ளியங்கிரி நேராக வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த பட்டறைக்குப் போனார். தட்டிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை உருவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எங்கீங்கண்ணா கெளம்பிட்டீங்க?”

“ஒரு சோலி. மருதாசலம், நீ சாப்பிட்டுப் போட்டுப் போ. செஞ்சு வெச்சிருக்குது.”

உள்ளே பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்த மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடத்தில் இறங்கி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துவிட்டார். நல்ல மனுஷர்! சொல்லிவிட்டுப் போனால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

சௌந்திரம் வெளியே வந்தாள். அழவில்லை. இலையைப் போட்டாள்.

“சித்தப்பா, உக்காருங்க.”

மருதாசலத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்டுச் சேலையில் ஒரு பெண் குனிந்து பரிமாறுவதைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஏதாவது சமாதானம் சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தார். திறந்திருக்க வேண்டாம்.

“நீ மனசைப் போட்டு ஒழப்பிக்காத அம்மிணி. உங்கப்பா இப்பக் கத்துனாரே, அது சும்மா வாய்க்குத்தான். அவருக்குத் தெரியாததா? மூணு வருசத்துக்கு முந்தியே நான் சொன்னேன். ‘அண்ணா, காத்து திரும்புதுங்க, இப்ப வர்ற எடத்தை முடிச்சுப்போடுங்க, இன்னும் நாலு நாளு போனா அவங்க நம்மகிட்டக் கேக்க ஆரம்பிச்சுருவாங்க’ன்னு. அதுக்கு அவரு என்ன சொன்னாருங்கறே? ‘எனக்கு உனக்கு முன்னாலயே தெரியும், நீ ஒண்ணும் சொல்லோண்டாம்’னாரு.”

சௌந்திரத்தின் கையில் ரசக் கரண்டி நின்றது.

“தெரியும்னு சொன்னாருங்களா?”

“ஆமா சாமி. இந்த ஜில்லாவுல எது ஏறுது, எது எறங்குதுன்னு அவருக்குத் தெரியாம ஒண்ணு நடக்குமா?”

“அதுக்கு அப்பறமும் ரெண்டு பேரு வந்தாங்களே. ஓமலூர்க்காரங்க வந்தாங்க. அவங்களையும் வேண்டாம்னுட்டாரே.”

மருதாசலம் இலையைப் பார்த்தார். தான் என்ன பேசிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “மோர் கொஞ்சம் ஊத்து அம்மிணி” என்றார்.

அவள் மோர் ஊற்றினாள். அவர் கை கழுவி, கட்டிலில் துண்டை விரித்துத் தலையைச் சாய்த்தார். பொன்னாயி பாத்திரம் துலக்கக் கிணற்றடிக்குப் போனாள். வீடு காலியாகிவிட்டது.

சௌந்திரம் உள் அறையில் போய் உட்கார்ந்தாள். ஆறு பேருக்கு என்று எடுத்து வைத்த டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. பெண் பார்க்க யாரும் வராத நாளில் இந்த வீட்டில் இரண்டு டம்ளர்தான் புழங்கும். காலையில் அந்த மற்ற நான்கைத் தேய்த்துக் கழுவும்போது அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. இப்போது அதைத் திரும்பப் பெட்டியில் எடுத்து வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் நன்றாக அழுதாள். ஏன் என்று கேட்க ஆள் இல்லாத அழுகை சீக்கிரம் முடிந்துவிடும்.

அப்பாவுக்குத் தெரியாமல் போய்விட்டது, பழைய காலத்து மனுஷர், காலம் மாறியது புரியவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவர் மேல் பாவமாகக்கூட இருந்தது. தெரிந்தே செய்தார் என்றால்? தெரிந்தே ஓமலூர்க்காரர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினார் என்றால்? அவர் எதற்குக் காத்திருந்தார்?

எழுந்து வெளியே போனாள். பட்டறைத் தட்டிக்குள் அப்பா கையை விட்ட அதே இடத்தில் அவளும் கையை விட்டாள். உள்ளே கொதித்தது. காற்றோட்டம் உள்ள பட்டறை சில்லென்று இருக்க வேண்டும். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். சில வெங்காயங்கள் பச்சையாக முளை விட்டிருந்தன. சில கையிலேயே நசுங்கின. அந்த நாற்றம் அவளுக்குப் புரிந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டால் மொத்தமும் தண்ணீராக ஓடிவிடும்.

“சித்தப்பா! சித்தப்பா, எந்திரிங்க.”

“என்ன அம்மிணி?”

“ஒரு லாரி வேணும். இப்பவே வேணும். போயிக் கூட்டிக்கிட்டு வாங்க.”

“எதுக்கு?”

“பட்டறையைப் பிரிக்கறேன்.”

மருதாசலம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “அய்யோ சாமி, உங்கப்பன் வரட்டும். என்னைக் கொன்னு போடுவாரு!”

“அவரு வந்தாப் பிரிக்கமாட்டாருங்க. இன்னும் ஏறும், இன்னும் ஏறும்னு உக்கோந்திருப்பாரு. யேவாரி வரமாட்டான்னு நீங்கதானே இப்பச் சொன்னீங்க? அப்ப நாமதானே போவோணும்? போங்க சித்தப்பா. இன்னைக்கு என்ன வெலையோ அந்த வெலை.”

மொபெட் கிளம்பியது. பொன்னாயி வேலை ஆட்களைக் கூப்பிடப் போனாள். போகும்போது, “அந்தச் சேலையையாவது மாத்திக்கிட்டு வாங்க அம்மிணி, பட்டு பட்டு” என்று கத்திக்கொண்டே போனாள். சௌந்திரம் மாற்றவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓலையை அவளே முதலில் உருவிப் போட்டாள்.

வெள்ளியங்கிரி வீட்டுப் பட்டறை பிரிகிறது என்றால் சும்மாவா? பக்கத்துக் காட்டுச் சென்றாயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு, பட்டுச் சேலையோடு வெங்காயம் அள்ளுகிற பெண்ணை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

“என்னுங்க அம்மிணி, பிரிக்கறீங்க? அப்பா சொல்லிப்போட்டாருங்களா?”

“இல்லீங்க. நான்தான் சொல்றேன்.”

“நீங்களா?”

“ஆமாங்க. உங்க பட்டறைக்குள்ள இன்னைக்குக் கையை உட்டுப் பாத்தீங்களா? சுடுதுன்னா நீங்களும் பிரிச்சுருங்க. இந்த வருசம் யாரும் நம்ம வாசலுக்கு வரமாட்டாங்க.”

சென்றாயன் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு திரும்பித் தன் காட்டுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் ஓலை இறங்கும் சத்தம் கேட்டது. தன் பேச்சைக் கேட்டு ஒரு ஆள் ஒரு காரியம் செய்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல யார் இருக்கிறார்கள்?

லாரி வந்து, கெட்டதைக் கழித்து, நல்லதை ஏற்றிப் போவதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. பொன்னாயி கச்சாயத்தில் பாதியை மடியில் கட்டிக்கொண்டு போனாள். மருதாசலம் வெள்ளியங்கிரி வருவதற்குள் நழுவிவிட்டார். நாமாக இருந்தாலும் நழுவியிருப்போம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வெள்ளியங்கிரி வந்தார். தடத்தில் நடந்து வந்தவர் பட்டறை இருந்த இடத்தில் நின்றார். மூங்கிலும் கல்லும்தான் இருந்தன. சௌந்திரம் வாசற்படியில் நின்றாள். கத்தட்டும், இன்றைக்கு நானும் கத்துகிறேன் என்று அவள் தயாராக இருந்தாள்.

“பிரிச்சுட்டியா?”

“பிரிச்சுட்டேனுங்க.”

“என்ன வெலைக்குப் போச்சு?”

“அடிமாட்டு வெலைக்குத்தானுங்க.”

அவர் தலையை ஆட்டினார். “நல்லதாப் போச்சு. நானா இருந்தாக் குப்பையிலதான் கொட்டியிருப்பேன்” என்று கட்டிலில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் பஸ் புழுதி. ஒரே நாளில் மனுஷர் வற்றிப் போயிருந்தார். தண்ணி என்று கேட்கக்கூட இல்லை. அவளே சொம்பைக் கொண்டு வந்து கொடுத்தாள்.

“எங்கீங்க போனீங்க?”

“திருச்செங்கோட்டுக்கு.”

சௌந்திரத்துக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

“அவங்க ஊட்டுக்கா?”

“ம். படியேறுனேன். பெஞ்சுல உக்காரச் சொன்னாங்க. ரொம்ப நேரம் உக்கோந்திருந்தேன். அப்பறம் அந்தப் பையனோட அப்பன் வந்தாரு. நல்ல மாதிரியாத்தான் பேசுனாரு.” சொம்பைக் கீழே வைத்தார். “கெணத்துமேட்டுக் காடு பூராவும் உன்ற பேருக்கு எழுதித் தாரேன்னு சொல்லிப்போட்டேன்.”

“அவங்க காடு கேட்டாங்களா?”

“கேக்கல. அவங்க கேக்கறதுக்கு முந்தியே நான் சொல்லிப்போட்டேன்.”

இருபது வருஷமாக ஒரு வியாபாரியிடமும் முதலில் வாய் திறக்காத மனுஷர். எதிராளி சொல்லட்டும் என்று வெற்றிலையை மென்றுகொண்டே பொழுதை ஓட்டுகிற மனுஷர். அவர் இன்று யாரோ ஒருத்தர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாயும் காட்டை, கேட்காமலே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சௌந்திரத்துக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வேறு என்னவோ வந்தது.

“அப்பா, உங்களுக்கு முந்தியே தெரியுமுங்களா?”

“எது?”

“காலம் திரும்பிப்போச்சுன்னு. மூணு வருசத்துக்கு முந்தியே.”

அவர் மருதாசலத்தை ஒரு வார்த்தை திட்டினார். பிறகு, “தெரியும்” என்றார்.

“அப்பறம் ஏனுங்க ஓமலூர்க்காரங்களைத் திருப்பி அனுப்புனீங்க? அதுதான் கடைசின்னு உங்களுக்குத் தெரியும். இதுக்கு மேல வரமாட்டாங்கன்னு தெரியும். தெரிஞ்சே ஏனுங்க?”

அவள் விடுவதாக இல்லை. எதிரிலேயே நின்றாள்.

“நீ போயிட்டா இந்த ஊட்டுல நான் யாருகூடப் பேசறது?”

சௌந்திரத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “நீங்க எங்கூட என்னைக்குங்க பேசியிருக்கறீங்க?”

“பேசலைன்னா என்ன? உள்ள ஒரு ஆளு இருக்குதுன்னு தெரியுமில்ல. பாத்திரச் சத்தம் கேக்கும். ரேடியோவுக்கு நீ வணக்கம் சொல்றது கேக்கும்.”

அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. அது அவருக்குக் கேட்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

“மாப்பிள்ளை சரியில்லை, காடு சரியில்லைன்னு சொன்னதெல்லாம் சும்மா அம்மிணி. நல்லவங்கதான் வந்தாங்க. எல்லாருமே நல்லவங்கதான்.” அவர் துண்டை எடுத்துக் கண்ணை அழுத்திக்கொண்டார். “இன்னைக்குப் பட்டறையில கையை உட்டேன். சுட்டுது. அடப்பாவி, இத்தனை நாளு என்ன பண்ணிப்போட்டோம்னு ஆகிப்போச்சு. நான் போயிட்டா உனக்கு ஆரு சாமி இருக்கா? நீ இந்த ஊட்டுல ஒத்தையா இருப்பியேன்னு நெனைச்சேன். பஸ் ஏறிட்டேன்.”

பெற்றவர் மேல் இத்தனை கோபமும் இத்தனை பாசமும் ஒரே நேரத்தில் வந்தால் ஒரு பெண் என்ன செய்வாள்? சௌந்திரம் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலையில் வெங்காய நாற்றம் அடித்தது. அவரும் முகம் சுளிக்கவில்லை, அவளும் எழுந்து போகவில்லை.

“அவங்க என்னதான் சொன்னாங்க கடைசியா?” என்றாள்.

“வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்காங்க. அன்னைக்குப் பையனும் ஊட்டுல இருப்பானாம். நாம போயி ஊட்டையும் பையனையும் பாத்துட்டு முடிவு சொல்லிப்போட்டா, அப்பறம் அவங்க வாரதா இருக்குது.”

“நாமன்னா ஆரு ஆரு?”

“நானும் மருதாசலமும்தான்.”

“நானும் வாரேனுங்க.”

வெள்ளியங்கிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீயா? பொண்ணு போறதாவது! ஊரு சிரிக்கும்.”

“ஏனுங்க சிரிக்கும்? இத்தனை வருசமா அவங்க வந்து பாத்தாங்க. பாக்க வர்றவங்களுக்குத்தான் புடிச்சிருக்குது, புடிக்கலைன்னு சொல்ற பாத்தியதை. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு காப்பி குடுத்தேன். இப்ப நாம போயிப் பாக்கோணும்னு அவங்களே சொல்லிப்போட்டாங்க. சரி, நான் வந்து பாக்கறேன். எனக்குப் புடிக்கோணும். ராசுவோ யாரோ, அந்த ஆளு எங்கிட்ட நாலு வார்த்தை பேசோணும். பேசத் தெரியாத இன்னொரு ஆளோட என்னால ஒரே ஊட்டுல இருக்க முடியாதுங்க.”

கடைசி வார்த்தை அவரைக் குத்தியது. அது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

“காடு தாரேன்னு வாக்குக் குடுத்துட்டேனே அம்மிணி.”

“வாக்கு நீங்க குடுத்தது. நான் இன்னும் ஒண்ணும் குடுக்கலை. புடிக்கலைன்னா காடும் கெடையாது, பொண்ணும் கெடையாது. நானே சொல்லிப்போட்டு வாரேன். அப்பறம் இந்த வெங்காயத்தை இனி மண்டிக்கு யாரு கொண்டு போறதுன்னு நாம ரெண்டு பேரும் உக்கோந்து பேசிக்கலாம். எனக்கு ஒண்ணும் பயமில்லை.”

சொல்லிவிட்டு அவளுக்கே மூச்சு வாங்கியது. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் இத்தனை பேசியதில்லை. உடம்பெல்லாம் லேசாக இருந்தது. இனி யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று தோன்றியது.

வெள்ளியங்கிரி மகளைப் பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தார். அவருடைய உதடு அசைந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் கேட்டுவிட்டார்.

“சரி அம்மிணி. புடிச்சுப்போச்சுன்னா?”

சௌந்திரம் வாயைத் திறந்தாள். உள்ளே விளக்கு இன்னும் போடவில்லை. இருட்டில் அந்த ஆறு டம்ளர்களும் கவிழ்த்து வைத்தபடியே இருந்தன. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அதில் ஒன்றுதான் புழங்கும். அப்பா பதிலுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.